நான் தண்ணீர் குடித்த உபவாச நாள்

கர்த்தர் எனக்குச் செய்ததைச் சபையில் ஒருமுறை சொல்லிவிட்டேன். அப்போது ஒன்றை மறைத்தேன். அதனால் திரும்பவும் எழுதுகிறேன்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் எனக்குக் குழந்தை இல்லை. மாதவிலக்கு நாலு மாதத்துக்கு ஒருமுறை வரும், சில சமயம் அதுவும் வராது. முகவாயில் முடி முளைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். செவ்வாப்பேட்டையில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. மாமியார் கண்ணுக்கு எது தப்பும்?

"மீச மொளச்சவ வயித்துல புள்ள எப்டிடா தங்கும்? கிறிஸ்மஸ் வரிக்கும் பாப்பேன். அப்பால அவ ஆத்தா ஊட்ல வுட்டுட்டு வந்துடு" என்று என் கணவரிடம் சொன்னார். அவரோ சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதை மன்னித்துவிட்டதாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்டோபரில் மெட்ராஸில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். ஹார்மோன் அளவைப் பார்க்க வேண்டும் என்றார். ஒருநாள் காலையிலிருந்து மறுநாள் காலை வரை போகிற சிறுநீர் முழுவதையும் ஒரு பெரிய பாட்டிலில் பிடித்து வரவேண்டும்.

"இன்னா கருமத்த ஊட்ல வெச்சிக்கினு கீற?" என்று மாமியார் பாட்டிலை வாசலுக்குத் தள்ளினார்.

நான் பாட்டிலில் பிடித்த அன்றைக்கே சபைச் சகோதரிகள் எனக்காக உபவாசம் வைத்தார்கள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்றார்கள். நானும் குடிக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், யோசித்திருக்க வேண்டாமா?

மறுநாள் மெட்ராஸ் போகிற கரி ரயிலில் பாட்டிலை முந்தானையால் மூடி மடியில் வைத்திருந்தேன். "இன்னாம்மா, தேனா? பொத்திப் பொத்தி எடுத்துக்கினு போற" என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்.

சோதனைக்கூடத்துக்காரர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாதியைக் கீழே கொட்டிவிட்டாயா என்று கேட்டார். இவ்வளவு குறைவாக இருந்தால் அளவை நம்ப முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். டாக்டரம்மாவிடம் உபவாசத்தைப் பற்றி அழுதுகொண்டே சொன்னேன்.

"தண்ணி குடிச்சா உங்க சாமி கோச்சுக்குவாரா? நல்லா குடிச்சிட்டு, மறுபடியும் புடிச்சுக் கொண்டா" என்றார்.

அடுத்த வாரம் நான் மறுபடியும் பாட்டிலில் பிடித்த நாளிலும் சகோதரிகள் உபவாசம் இருந்தார்கள். நான் குளிக்கிற தட்டி மறைப்புக்குள் நின்று சொம்பு சொம்பாகக் குடித்தேன். ஆண்டவரே, இது அவிசுவாசம் என்றால் என்னைத் தண்டியும், இந்தப் பாட்டிலை மட்டும் விட்டுவிடும் என்று ஜெபித்தேன்.

நவம்பரில் முடிவு வந்தது. ஆண்களுக்குச் சுரக்கிற ஹார்மோன் எனக்கு அளவுக்கு மீறிச் சுரக்கிறதாம். டாக்டரம்மா சோதித்துப் பார்த்ததில், சினைப்பைகள் வீங்கி, சின்னச் சின்னக் கட்டிகளாக இருக்கின்றனவாம்.

"இது வியாதிம்மா. நீ பண்ண பாவம் இல்ல" என்றார் டாக்டரம்மா.

அந்த வார்த்தைக்காகத்தான் ஐந்து வருஷம் முழங்காலில் நின்றிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

அந்தக் காகிதத்தை என் கணவர் தம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். எனக்காக அவர் வாயைத் திறந்தது அன்றுதான். கிறிஸ்மஸ் போயிற்று, யாரும் என்னை அனுப்பவில்லை. ஜனவரியில் ஆபரேஷன் செய்து இரண்டு சினைப்பைகளிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி எடுத்தார்கள். மறு வருஷம் மகள் பிறந்தாள்.

"எங்க உபவாசம் வீண் போவல" என்று மாமியார் தெருவெல்லாம் குழந்தையைக் காட்டிக்கொண்டு வந்தார். நானும் தலையாட்டினேன். குளிப்பாட்டும்போதெல்லாம் பிள்ளையின் முகவாயைத் தடவிப் பார்க்கிறேன். இந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதற்கும் ஜெபிக்கிறேன்.

என்னைப்போல் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற சகோதரியே, கர்த்தரிடம் கேள். அவர் எனக்குப் பதில் தந்தார். சபிக்கப்பட்டவள் என்று யார் சொன்னாலும் நம்பாதே. பரிசோதனைக்குப் போகிற நாளில் தண்ணீர் குடி. அதையும் அவர்தான் உண்டாக்கினார்.