பச்சை போர்டில் எங்கள் நாலு பேர்

நேற்று ஹைவேயில் எங்கள் பழைய ஊரின் பச்சை போர்டு கண்ணில் பட்டது. ஊர்ப்பெயர், கீழே மக்கள்தொகை. உடனே அப்பாவின் எரிச்சல் காதில் கேட்டது.

2003. டாக்டரே இல்லாத இடத்துக்குப் போனால் கிரீன் கார்டு கிடைக்கும் என்று, அந்த டெக்சாஸ் கிராமத்துக் கவுண்டியில் அப்பா டாக்டராக வேலைக்குச் சேர்ந்திருந்தார். சுற்றிலும் பருத்திக்காடு, கார் ஜன்னலை இறக்கினால் மாட்டுச்சாண வாடை. போர்டைக் கண்டாலே பிரேக் போடுவார்.

"நாம நாலு பேர் வந்திருக்கோம். நானே எத்தனை பிரசவம் பார்த்துட்டேன்! இன்னும் அதே நம்பர்!"

"அடுத்த சென்சஸ்ல மாத்துவாங்க. எழுபது மைல் போய் வாங்கின பால் திரிஞ்சிடும், வண்டிய எடுங்க," என்பாள் அம்மா.

கார்டு வந்ததும் இர்விங் நகரத்துக்கு மாறிவிட்டோம்.

நேற்று போர்டைப் பார்த்ததும் போன் பண்ணிச் சொன்னேன். "எவ்வளவு போட்டிருக்கான்?" என்றார் அப்பா.

"குறைஞ்சிருக்குப்பா."

"இருந்தப்போ நம்மள சேர்க்கல. போனதும் கழிச்சுட்டான் பாரு!"