கம்பெனிக்கு ஒரு வில்லங்கச் சான்று

சனிக்கிழமை காலை 6.10. மாதவரம் பேருந்து நிலையத்தில் ஊத்துக்கோட்டை வண்டி கிளம்பியது. டிக்கெட் ஐம்பத்திரண்டு ரூபாய். ஜன்னலோர இடம் கிடைத்தும் செங்குன்றம் தாண்டும்வரை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சாலையோரத்தில் ஒரு காலத்தில் எனக்கு ஒரு மனை இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அதை விற்று, பங்குச் சந்தைக்கே வராத ஒரு தனியார் கம்பெனியின் பங்குகளை வாங்கினேன். இரண்டே வருஷத்தில் சந்தைக்கு வந்துவிடும், பத்து மடங்கு போகும் என்றார் விற்றவர். கம்பெனி இன்றுவரை வந்துகொண்டேதான் இருக்கிறது. பங்கை விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை.

இப்படிப்பட்ட மேதையைத்தான் முனிரத்தினம் ஆலோசனைக்குக் கூப்பிட்டிருந்தான். நாங்கள் குவைத்தில் ஏழு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள். நான் கிடங்கில் கணக்கெழுதினேன், அவன் தண்ணீர் லாரி ஓட்டினான். அவனுடைய ஊர் நாகலாபுரம். முன்பு சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். எந்த மாவட்டம் ஆனாலும் வீட்டில் பேச்சு தமிழ்தான்.

விஷயம் அவன் மகள் லாவண்யாவுடையது. பெங்களூரில், செயற்கை நுண்ணறிவுக்கான சிப் வடிவமைக்கும் ஒரு புதிய கம்பெனியில் நாலு வருஷம் வேலை பார்த்தாள். இந்த மாதிரி கம்பெனிகளில் சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பார்கள். அதற்கு ஈடாக, கம்பெனியின் பங்குகளைப் பழைய மலிவு விலைக்கே வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தருவார்கள். இப்போது ஜெர்மனியில் வேலை கிடைத்து, விலகிவிட்டாள். விலகிய தொண்ணூறு நாளுக்குள் பணம் கட்டினால் பங்கு அவளுடையது, கட்டாவிட்டால் உரிமை போயிற்று. அன்று எண்பத்து நாலாவது நாள். வரியும் சேர்த்து எட்டு லட்சம் வேண்டும். முனியிடம் இருந்ததும் எட்டு லட்சம்தான், வீட்டுக்குக் காங்கிரீட் கூரை போட வைத்திருந்தது. 'வேண்டாம்' என்று சொல்வதாக முடிவு செய்துகொண்டுதான் நான் வண்டி ஏறினேன்.

8.05. ஊத்துக்கோட்டையில் இரண்டு இட்லி, ஒரு வடை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய். சிவபெருமான் படுத்திருக்கும் சுருட்டப்பள்ளியில் பாதி பேர் இறங்கிக்கொண்டார்கள். பெயர்ப் பலகைகள் தெலுங்குக்கு மாறியிருந்தன. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை அளந்தார்.

"மெட்ராஸா சார்? நெலம் பாக்க வந்துகினு கீறீங்களா?"

"நெலம் இல்லைங்க. ஒரு பேப்பர் பாக்கணும்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். பேப்பரு சரியில்லன்னா நெலம் எதுக்கு ஆவும்?"

9.00. நாகலாபுரம் கோயில் கோபுரம் தெரியும் தெருவில் முனியின் வீடு. நாலு அறைக்கும் தூண் எழுப்பி, கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்க, மேலே சிமென்ட் ஷீட் போட்டிருந்தது. முனியின் மனைவி வசந்தா, "மொதல்ல துன்னுட்டுப் பேசுங்கண்ணா, பேப்பரு எங்கியும் ஓடிடாது" என்று தட்டை வைத்தாள். ஊத்துக்கோட்டை இட்லியை மறைத்துவிட்டு மறுபடி சாப்பிட்டேன்.

லாவண்யா ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிப். "மொத லாட்ல வந்தது பெரிப்பா. இதுல இந்த மூலைதான் எங்க டீம் பாத்தது. டிசைன்ல தப்பு கண்டுபுடிக்கறதுதான் என் வேலை." நகத்தால் அவள் காட்டிய மூலையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தபோது, சொல்ல வந்த 'வேண்டாம்' என்பதைத் தள்ளிப்போட்டேன்.

"நைனாவுக்கு நீங்களே சொல்லுங்க பெரிப்பா. எனக்கு அந்தப் பங்கு வேணாம், வூட்டக் கட்டட்டும்" என்றாள்.

முனிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு வருசம் கொறஞ்ச சம்பளத்துக்கு செஞ்சிகீறா ண்ணா. மிச்சக் கூலிதான் அந்தப் பேப்பரு. எங்க நைனா கூலியக் கேக்கத் தெரியாம கைய வீசிகினு வந்துடுவாரு. எம் பொண்ணும் அப்பிடி வரணுமா?"

பேச்சை மாற்ற, "சரி, நீ இதுவரை என்ன விசாரிச்ச?" என்றேன்.

"ரிஜிஸ்ட்ரேசன் ஆபீசுக்குப் போயி ஈ.சி. கேட்டேன்."

எனக்குப் புரியவில்லை. வில்லங்கச் சான்றைத்தான் அங்கே ஈ.சி. என்கிறார்கள். நிலம் வாங்குமுன் அதன்மேல் யாருக்காவது அடமானம், பாத்தியதை உண்டா என்று எழுதித் தரும் காகிதம்.

"எந்த நிலத்துக்கு?"

"நெலத்துக்கு இல்ல. கம்பெனிக்கு."

வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள். "சர்வே நம்பர் செப்புன்னு கேட்டுகீறாங்க. இவரு பாப்பா லெட்டர்ல இருந்த நம்பரக் குட்துகீறாரு. இதி பூமி காதய்யா, இது நெலமே இல்லய்யான்னு ஆபீசே சிரிச்சிகினு கீது."

நானும் சிரித்தேன். வயிறு குலுங்கச் சிரித்தேன், லாவண்யாவும் சேர்ந்துகொண்டாள். முனி மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிண்ணா, நல்லா சிரி. ஒரு பொருள வாங்கறப்ப நமக்கு முன்னாடி யாரு வரிசைல நிக்கறான்னு பாக்கவே மாட்டியா? நாளைக்கி கம்பெனிய எவனோ வாங்கறான், பணம் வருது. மொதல்ல யாருக்குக் குடுப்பான்?"

சிரிப்பு நின்றது. லாவண்யாவிடம் கம்பெனியின் சட்டவிதிகள் இருக்கிறதா என்று கேட்டேன். மடிக்கணினியில் இருந்தது, நூற்றுப் பதினாறு பக்கம். இருவரும் ஒரு மணி நேரம் தேடினோம். எழுபத்தொன்றாம் பக்கத்தில் அது கிடைத்தது. கம்பெனி விற்கப்பட்டால், கோடிகளைப் போட்ட பெரிய முதலீட்டாளர்கள் முதலில் தங்கள் பணத்தை முழுதும் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் இருந்தால்தான் ஊழியர்களின் பங்குக்கு. கம்பெனி நல்ல விலைக்குப் போனால் கவலையில்லை. குறைந்த விலைக்குப் போனால் லாவண்யாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. வில்லங்கம் என்றால் இதைவிட வேறென்ன?

லாவண்யா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சிப்புல எத்தினியோ தப்பு கண்டுபுடிச்சேன் பெரிப்பா. இத்த ஒரு தபாகூட படிக்கல."

நானும் என் கம்பெனி விதிகளைப் படித்ததில்லை. அதை அங்கே சொல்லவில்லை.

மாலை 3.00. முனி தன் பைக்கில் என்னைப் பிச்சாட்டூர் சாலையில் மூன்று கிலோமீட்டர் கூட்டிப்போனான். அவனுடைய இரண்டு ஏக்கர் அங்கே இருக்கிறது. மாமரங்களும் ஒரு ஓரத்தில் வேர்க்கடலையும். வரப்பில் நின்றபடி, தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "முனி, முன்னாடி நிக்கறவங்கள விடு. அந்தப் பங்கை நினைச்சப்ப விக்கவும் முடியாது. கம்பெனி சந்தைக்கு வரணும், இல்ல வேற யாராவது வாங்கணும். அதுவரைக்கும் வெறும் பேப்பர்."

"இதுவும் அப்பிடித்தான்" என்று காலால் மண்ணைத் தட்டினான். "எங்களுக்கு ஒரு சாண் நெலம் இல்லாத காலத்துல கவுருமெண்டு குட்த்த டி.கே.டி. பட்டா. வெச்சிகினு பயிர் வெக்கலாம், வித்தா செல்லாது. குவைத்துக்குப் போவ ஏஜென்ட்டுக்குக் கட்டப் பணம் இல்ல. இத்த வித்துடலாம்னு துடிச்சேன். ஆள்கூட வந்தான். செல்லாதுன்னு தெரிஞ்சி ஓடிட்டான். அன்னிக்கி அழுதேண்ணா. இப்ப நெனச்சா, விக்க முடியாததாலதான் இது இன்னும் எங்கிட்ட கீது."

என் மனைக்குத் தெளிவான பத்திரம் இருந்தது. நினைத்த நேரத்தில் விற்க முடிந்தது, விற்றேன்.

4.15. வீட்டில் வசந்தாதான் முடிவைச் சொன்னாள். மதியமெல்லாம் லாவண்யாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

"எல்லாத்தியும் வாங்கணும்னு இல்லியாம், பாதியும் வாங்கலாமாம். பாதி வாங்கிடு பாப்பா. ரெண்டு ரூமுக்குக் காங்கிரீட் போடுவோம், ரெண்டுக்கு ஷீட்டே இருக்கட்டும். பணம் வந்தா மிச்சத்துக்குப் போடலாம். வரலன்னா மழைக்கி இந்த ரெண்டு ரூமு போதும்."

முனி சரி என்று தலையாட்டினான். லாவண்யா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முப்பது வருஷம் கணக்கெழுதிய எனக்கு, முழுதும் வாங்கலாம், வாங்காமல் விடலாம் என்ற இரண்டைத் தவிர வேறு தோன்றவே இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. கூடவே, அந்த வீட்டு ஆட்கள் மேல் சொல்ல முடியாத பிரியமும் வந்தது.

பேருந்து நிறுத்தம்வரை முனி வந்தான். ஊத்துக்கோட்டை வண்டி தூரத்தில் தெரிந்தபோது கேட்டான். "நீ எதுனா இப்பிடி கம்பெனில போட்டுகீறியா ண்ணா?"

"கொஞ்சம்" என்றேன்.

"ஈ.சி. பாத்தியா?"

காலையில் வயிறு குலுங்கச் சிரித்த கேள்வி. வண்டி வந்து நின்றது, ஏறிக்கொண்டேன்.

செங்குன்றத்தை நெருங்கும்போது மணி 6.40, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. என் மனையில் மூன்று மாடி எழும்பியிருந்தது. மொட்டை மாடியில் ஒரு பெண் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். மனையை என்னிடம் வாங்கியவர் முன்பணம் கொடுக்குமுன் முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று கேட்டார். வரிசையில் நின்று, கட்டணம் கட்டி, அதை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அந்தப் பணத்தை அடுத்த வாரமே பங்கு விற்றவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நான் ஒரு காகிதமும் கேட்கவில்லை.