ஃபேன் சுத்துது, பல்பு எரியல

'டொக்' என்று ஒரு சத்தம். சுவரிலிருந்து பல்லி விழுந்தால் வருமே, அதைவிடக் கொஞ்சம் கெட்டியாக. எங்கள் வீட்டில் அது கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். இலவசமாக மென்பொருள் எழுதுகிறவன் பிழைப்பு பந்தியில் பரிமாறுகிறவன் பிழைப்புதான். எல்லாம் சரியாக இருந்தால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். உப்பு குறைந்தால் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இதைப் படிப்பவர்களில் என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும். எனக்கு ராத்திரியில் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. பகலில் தூக்கம் பிடிக்காது. தூக்கம் பிடிக்காதவன் ஒன்று குடிப்பான், இல்லை பழசையெல்லாம் நினைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக் கிடப்பான். இரண்டாவதில் எனக்குக் கைராசி அதிகம். அதிலிருந்து தப்பிக்கத்தான் புத்தகத்தைப் பார்த்து நானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். திருப்பரங்குன்றம் பக்கம் பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் நண்பன் பாண்டியும் நானும் சேர்ந்து, யூனிகோடில் அடித்த தமிழைப் அச்சகங்களில் இன்னும் புழங்கும் பழைய எழுத்துருவுக்கு மாற்றித் தரும் ஒரு மென்பொருளைச் செய்து பொதுவில் விட்டோம். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். திருத்த எந்தெந்த ஊரிலிருந்தோ ஆள் வந்தார்கள். தினமும் அதை வைத்துப் பிழைத்தவர் ஒரே ஒருவர்தான்.

பத்திரிகையில் ஜாதகம்

அந்த ஒருவர் சகுந்தலா. கீழவாசல் பக்கம் டி.டி.பி. கடை. சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டுக்காரரை அவர்கள் பாஷையில் ஒரு பிடி பிடித்துவிட்டு அதே மூச்சில் வாடிக்கையாளரிடம் தமிழில் சிரிப்பார். கல்யாணப் பத்திரிகைதான் அவருக்குச் சோறு. வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் பெயர்களையெல்லாம் எங்கள் மென்பொருளில் போட்டு மாற்றித்தான் அச்சுக்கு அனுப்புவார்.

ஒருநாள் எங்கோ இருந்த ஓர் அன்பர் நிரலில் ஒரு வரியைத் திருத்தினார். நன்றாகத்தானே இருக்கிறது என்று நாங்களும் வெளியிட்டுவிட்டோம். அந்த வாரம் அச்சாகி வந்த பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். சகுந்தலா போன் செய்தார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பையன் ஜாதகத்த எதுக்கும்மா பத்திரிகையில போட்டன்னு கேக்குறாங்கண்ணே. இன்னொருவாட்டி கட்டம் வந்துச்சு, நான் முன்னாடி வச்சிருந்த பழைய சாஃப்ட்வேர் சி.டி.க்கே போயிருவேன்."

அயல்நாட்டு வரன்

வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் ஒரு காவல் வேண்டும் என்று முடிவானது. யார் எந்த வரியைத் திருத்தினாலும் உடனே ஒரு கணினி முழு மென்பொருளையும் புதிதாகக் கட்டி, பழைய பரீட்சை எல்லாவற்றையும் மறுபடி வைத்து, பாஸா ஃபெயிலா என்று சொல்லிவிட வேண்டும். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு இலவசமாகச் செய்து தருகிறோம் என்று அப்போது இணையத்தில் ஒன்றிரண்டு பேர்தான் கடை விரித்திருந்தார்கள்.

அதில் ஒன்றைப் பிடித்தோம். பெண் வீட்டார் கேட்பதைவிட அதிகக் கேள்வி கேட்டார்கள். உங்கள் குழுவில் எத்தனை பேர், வழக்கறிஞர் உண்டா என்றெல்லாம். ஒருவழியாகச் சம்மதம் வந்தது. முதல் நாள் பாஸ். மறுநாளும் பாஸ். சந்தேகம் வந்து, வேண்டுமென்றே நிரலைக் கண்டபடி உடைத்து அனுப்பினேன். அதற்கும் பாஸ்! தோண்டிப் பார்த்தால், அந்த ஊர்க் கணினியில் தமிழ் எழுத்துருவே கிடையாது. எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்ற படத்தையும் எப்படி வந்தது என்ற படத்தையும் கட்டமாகவே வரைந்து, இரண்டையும் ஒப்பிட்டு, பிரமாதம் என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பாண்டிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கட்டமும் கட்டமும் பொருந்திருச்சுல்ல மாப்ள. பத்துப் பொருத்தமும் பாத்துத்தான் பாஸ் போட்டிருக்கான்!"

உள்ளூர் வரன்

அடுத்து, பாலிடெக்னிக் ஆய்வகத்தில் சும்மா கிடந்த ஒரு கணினியை அனுமதி வாங்கிப் பாண்டி எடுத்துக்கொண்டான். தமிழ் எழுத்துரு இருந்தது, மின்சாரம் இருந்தது, ஏ.சி.கூட இருந்தது. ஆனால் காலையில் நான் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் முந்தின சாயங்காலத்திலிருந்து ஒரு பரீட்சையும் நடந்திருக்காது. ஒரு வாரம் பாண்டி நிரலில் குற்றம் தேடினான். நான் நெட் இணைப்பைத் திட்டினேன். கடைசியில் சாவி வைத்திருக்கும் உதவியாளரிடம் கேட்டால், மனிதர் நல்லது செய்த முகத்தோடு சொன்னார்: "ஆளே இல்லாம அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு சார். நான்தான் தெனம் மறக்காம அணைச்சுட்டுப் போறேன்."

சாமி பல்பு

மிச்சமிருந்தது ஆனையூரில் என் வீடு. பழைய கணினி ஒன்று இருந்தது. யு.பி.எஸ். வைக்கத் தோதான பிளக் பாயிண்ட் சாமிப் பலகைக்குக் கீழேதான் இருந்தது. அங்கேயே வைத்தேன். மேலிருந்து உதிரும் பத்திச் சாம்பல் முழுக்க அதன் தலையில். தினமும் அதைப் பழைய பனியனால் துடைப்பது என் பொறுப்பு என்று என் மனைவி செல்வி ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

நிரல் உடைந்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். வீட்டில் ஏற்கெனவே சாமி படத்துக்கு மேல் ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு இருந்ததால், கணினி சொன்னபடி சுவிட்சைத் தட்டும் ஒரு ரிலேயை வைத்துப் பாண்டி அதையே கணினியோடு இணைத்துவிட்டான். கணினி பல்பைப் போட்டாலும் அணைத்தாலும் 'டொக்' என்று கேட்பது அந்த ரிலேதான். மூன்று நாள் நிரல் அருமையாக ஓடியது. மூன்று நாளும் சாமி இருட்டில் இருந்தது. நாலாம் நாள் யாரோ உடைத்தார்கள், பல்பு எரிந்தது, செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். "அப்ப சாமிக்கு வெளக்கு எரியணும்னா நீங்க தப்புப் பண்ணணுமா?"

யார் தப்பு

அன்றைக்கே எல்லாவற்றையும் தலைகீழாக்கினோம். எல்லாம் நலம் என்றால் பல்பு எரியும். உடைந்தால் அணையும். உலகத்தில் வேறெங்கும் இப்படி வைத்திருப்பார்களா தெரியாது.

ஆனால் அது மின்வெட்டுக் காலம். கணினிக்கு யு.பி.எஸ். உண்டு, பல்புக்குக் கிடையாது. கரண்ட் போகும்போதெல்லாம் பல்பும் போகும். நான் நிரல் உடைந்துவிட்டதென்று அரைத் தூக்கத்தில் எழுந்து ஓடுவேன், நிலையில் முட்டிக்கொள்வேன். நாலு நாள் பார்த்த செல்வி அடுப்படியிலிருந்தே வழி சொன்னாள். "மொதல்ல ஃபேனப் பாருங்க. ஃபேன் சுத்துது, பல்பு எரியலன்னா உங்க தப்பு. ரெண்டும் இல்லன்னா கவர்மெண்ட்டு தப்பு."

அழகர்கோவிலில் ஒரு போன்

வைகாசி பிறந்தது. அண்ணன் மகனுக்கு அழகர்கோவிலில் முடியெடுப்பு. குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் செல்வி வரவில்லை. அன்று மத்தியானம் பாண்டி புதுப் பதிப்பை வெளியிடுவதாக ஏற்பாடு. அது வரட்டும் என்று சகுந்தலா கடையில் இரண்டு பத்திரிகைகள் காத்திருந்தன; மறுநாள் காலை அச்சு.

பையன் தலையில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செல்வி நலம் விசாரிக்கவில்லை, மொட்டை எடுத்தாச்சா என்றும் கேட்கவில்லை. "ஏங்க, ஃபேன் சுத்துது" என்றாள். சந்தனக் கையோடு பாண்டியைக் கூப்பிட்டு, எதையும் வெளியிடாதே என்று கத்தினேன். பக்கத்திலிருந்த அண்ணி வீட்டுச் சம்பந்திகள் நான் ஏதோ கடன் விவகாரத்தில் இருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். கடைசி நேரத்தில் பாண்டியே திருத்திய ஒரு வரிதான் வினை. வெளியே போயிருந்தால் இரண்டு மாப்பிள்ளைகளும் கட்டமாகியிருப்பார்கள். சரிசெய்துவிட்டுக் கூப்பிட்டபோது பாண்டியின் குரலே மாறியிருந்தது. "அங்க இருக்குற கருப்பசாமிக்கு என் பேருல ஒரு கும்புடு போட்டுட்டு வா மாப்ள. தங்கச்சிக்கு நான் நேர்ல வந்து போட்டுக்கிறேன்."

பாராட்டு விழா

வைகாசி கடைசி முகூர்த்தம் முடிந்த மறுநாள் காலை, நான் கணினியின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சகுந்தலாவிடமிருந்து போன். இந்த மாதம் அவர் கடையிலிருந்து போன ஒரு பத்திரிகையிலும் ஒரு கட்டம்கூட இல்லை. பழைய சி.டி.யை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை என்றார். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நன்றி சொல்லப் போகிறார் என்று பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் குரலில் நிஜமான கவலை. "ஆமா, என்னண்ணே, மாசம் பூராம் ஒண்ணுமே நடக்கல. அம்புட்டுத்தானா, வேலைய விட்டுட்டீங்களா?"

ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதே தொழிலானவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எந்த மேடையிலும் கிடைக்காது என்பதால், மேலே எரிந்துகொண்டிருந்த சிவப்பு பல்பை ஒருமுறை பார்த்துவிட்டு, தோளிலிருந்த பனியனை எடுத்து மிச்சச் சாம்பலைத் துடைக்க ஆரம்பித்தேன்.