அட்டை வைக்காத ஒரு எஞ்சின்

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் பொம்மை ரயில் செய்யும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அது கிடைத்ததே பெரிது. போய்விட்டால் இன்னொன்று கிடைக்காது என்ற பயம் எப்போதும் இருந்தது.

சாவி கொடுத்தால் எஞ்சினுக்குள் ஒரு பல்சக்கரம் சுற்றும். அதன் பற்கள் ஒரு தகர நாக்கைத் தட்டித் தட்டிச் சத்தம் வரும். அந்த நாக்கைப் பொருத்துவது என் வேலை.

ஒருநாள் முதலாளி, "நெஜ ரயிலு மாதிரி சத்தம் வரணும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீடு பட்டாபிராமில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில். ராணுவச் சரக்கை இழுத்துக்கொண்டு கரி எஞ்சின் கிளம்பும்போது அதன் சத்தத்தில் ஒரு அடி பலமாக விழும், மூன்று அடி மெதுவாக விழும். நான் அரத்தை எடுத்து மும்மூன்று பல்லாக ராவி, ஒவ்வொரு நாலாவதையும் அப்படியே விட்டேன். அச்சாக அதே சத்தம். ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு பெட்டி நிறைய எஞ்சின்களை முடித்துவிட்டேன்.

பூந்தமல்லியிலிருந்து சரக்கு எடுக்கக் கடைக்காரர் வந்தார். ஒன்றுக்குச் சாவி கொடுத்து மேசையில் விட்டார்.

"இன்னா நைனா இது, ஆஸ்துமாக்காரன் மாடி ஏர்ற மாதிரி கீது? கொயந்தைங்க வாங்குமா இத்த?"

முதலாளி எங்கள் பக்கம் திரும்பினார். "யாரு கை வச்சது?"

பக்கத்து ஸ்டூலில் சாவி பொருத்தும் அக்கா என்னைக் காட்டிச் சிரித்தாள். "அது ஊடு ரயில் ரோட்டாண்ட கீது மொதலாளி. அதான் ரயிலையே இட்டாந்துகீது."

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"சாயங்காலம் வண்டி வர்துக்குள்ள சரி பண்ணு. இல்லாங்காட்டி நாளிக்கு வராத."

ராவிய பல் திரும்ப முளைக்காது. அரத்தைக் கீழே வைத்தேன். சைக்கிள் கம்பியில் அட்டை செருகினால் படபடவென்று கேட்குமே, அது ஞாபகம் வந்தது. குப்பையில் கிடந்த சிகரெட் பெட்டிகளைப் பொறுக்கி, எஞ்சினுக்கு ஒன்றாக எண்ணி வெட்டி, சக்கரத்தில் உரசும்படி ஒட்டினேன். பர்ரென்று ஒரு சத்தம். நானறிய எந்த ரயிலும் அப்படிப் போனதில்லை.

சாயங்காலம் வண்டியோடு திரும்பி வந்த கடைக்காரர் சாவி கொடுத்துப் பார்த்தார். சிரித்துவிட்டு இன்னொரு தடவை கொடுத்தார்.

"இது ரயிலு," என்றார்.

பெட்டிகள் வண்டியேறிப் போனதும் மேசையைத் துடைத்தேன். ஒரு அட்டை மிச்சம் கிடந்தது. எண்ணித்தானே வெட்டினேன். அப்படியானால் ஒரு எஞ்சின் அட்டை இல்லாமல் போயிருக்கிறது.

அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு கடையிலிருந்து பழுதான எஞ்சின்கள் பெட்டியில் திரும்பி வரும்போதெல்லாம், யாரும் பார்க்காத நேரமாக ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுத்துக் காதருகே வைத்துக் கேட்பேன். சக்கரம் கழன்றது வந்தது, புகைபோக்கி நசுங்கியது வந்தது. அது மட்டும் வரவே இல்லை. இரண்டு பொங்கல் போன பிறகுதான் கேட்பதை நிறுத்தினேன்.