எனக்கு ஓர் அட்டெண்டர்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஈரோட்டில் லாரி, மங்களூரில் மீன் கம்பெனி, நடுவில் பெயர் மறந்த ஊர்கள் என்று சுற்றிவிட்டுத் திருச்சிக்கே திரும்பி வந்தேன். புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை. மூன்று வருடம் நிலைத்தது. நான் ஓரிடத்தில் இருந்ததிலேயே அதிகம் அதுதான்.

அப்போதுதான் உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளும் கருவிகள் வந்தன. அதுவரை நோயாளியின் மார்பிலிருந்து கட்டிலருகே இருக்கும் மானிட்டருக்கு வயர்கள் போகும். திரும்பிப் படுத்தால் ஒன்று கழன்றுவிடும். புதியதற்கு வயர் கிடையாது. மார்பில் சின்ன வில்லை ஒன்றை ஒட்டினால் போதும், நர்ஸ் மேஜையிலிருக்கும் திரையில் துடிப்பு ஓடும். நோயாளிகளுக்குப் போடுமுன் ஊழியர்கள் ஒரு வாரம் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். நான் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன்.

மூன்றாம் நாள் காலை திரை கத்தியது. மூத்த நர்ஸ் வில்லையை எடுத்துவிட்டு, மார்பைத் துடைத்துப் புதிதாக ஒட்டினார். மறுபடியும் கத்தியது. கருவி கோளாறு என்றேன். அவர் அதையே தன்மேல் ஒட்டிப் பார்த்தார். கோடு ஒழுங்காக ஓடியது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணே. நீங்க உக்காருங்க."

துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, இப்படியே விட்டால் பக்கவாதம் வரலாம், இரண்டு நாள் இங்கேயே படுக்க வேண்டும் என்றார் டாக்டர். படுப்பதற்கு ஓர் அட்டெண்டர் வேண்டும். கூட இருக்க, கையெழுத்துப் போட. அது அங்கே விதி. கதவுக்கு வெளியே நின்று அட்டெண்டர்களைக் கூப்பிடுவதும் என் வேலைதான். கூப்பிட்டு யாரும் எழுந்து வராத நாட்களும் உண்டு.

மாத்திரை கொடுங்கள், தென்னூரில் என் ரூமுக்கே போய்விடுகிறேன் என்றேன்.

"ரூம்ல விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? ஒருத்தர்கூடவா இல்ல?" என்றார் நர்ஸ்.

ஸ்ரீரங்கத்தில் தம்பி இருந்தான். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வீடு. அம்மா இறந்தது எனக்கு நாற்பது நாள் கழித்துத்தான் தெரியும். கொள்ளி வைத்தது அவன். அந்த வீட்டுப் படியேற எனக்கு முகமில்லை. அவன் நம்பர் போனில் இருந்தது, அழுத்தியதில்லை. போனை நர்ஸிடம் கொடுத்தேன். தம்பியிடம் என் பெயரை அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு மணி நேரத்தில் வந்தான். தலை நரைத்திருந்தது. எப்படி இருக்கிறாய் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அட்மிஷன் பாரத்தை வாங்கி, நின்றுகொண்டே எழுதி, நர்ஸிடம் நீட்டினான். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உறவுன்ற எடத்துல தெரிஞ்சவர்னு போட்டிருக்கீங்க. தம்பின்னாரே?"

"அப்படியே இருக்கட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பாரம் ஃபைலுக்குள் போனது, என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.