தொட்டில் கொக்கிக்கு இரண்டு சொட்டு எண்ணெய்

கோகிலாவுக்குக் கை சும்மா இருக்காது. மலாக்காவின் காஜா பெராங்கில் அவள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டில் எந்தப் பால் டின்னும் ஒரு வாரத்துக்கு மேல் டின்னாக இருந்ததில்லை; விளக்காகவோ எலிப்பொறியாகவோ மாறிவிடும். கணவன் நல்லையாவுக்குத் தெங்கேராவில் லாரிப் பட்டறையில் வேலை. அங்கே தூக்கிப் போடுகிற டியூப், கம்பி, ஆணி எல்லாம் சாயங்காலம் அவன் சைக்கிளில் வீடு வந்து சேரும். குப்பை சுமக்கிறவனைக் கட்டிக்கொண்டது தன் அதிர்ஷ்டம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

செய்தால் மட்டும் போதுமா? நாலு பேர் 'அடேயப்பா' என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு நோட்டு இருந்தது. ஏதோ ஒரு வாரப் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் அறிமுகமான ஆறு பேர், தாங்கள் வீட்டில் செய்த சாமான்களை ஒரே நோட்டில் படம் போட்டு, செய்முறை எழுதி, தபாலில் அடுத்தவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் மூன்று நாள்தான் அது தங்கலாம். யாரும் யாரையும் பார்த்ததில்லை. எல்லாருக்கும் புனைபெயர். கோகிலா 'கம்பி'. அவளுக்கு அடுத்து, ஜாசினில் 'சுத்தியல்'. அவருக்கு அடுத்து 'பொத்தான்'. அவரவருக்குத் தெரிந்தது அடுத்த ஆளின் விலாசம் மட்டும்.

போன சுற்றில் பொத்தான் எழுதியிருந்தாள்: 'இரண்டு பிள்ளை தவறி இது மூன்றாவது. பெற்று எழுந்ததும் பால்மரம் வெட்டப் போயாக வேண்டும். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் இருபது பிள்ளைக்கு ஒரே ஆயா. ஆட்டாமலே ஆடுகிற தொட்டில் செய்ய யாருக்காவது தெரியுமா?'

கோகிலாவுக்குத் தெரியும். லாரி டியூபை வளையங்களாக வெட்டி, உத்தரத்து இரும்புக் கொக்கியில் மாட்டி, அதன் கீழே இன்னொரு கொக்கி போட்டுச் சேலையைக் கட்டினாள். பிள்ளை காலை உதைத்தால் தொட்டில் தானே மேலும் கீழும் ஆடியது. தன் பத்து மாதப் பிள்ளை பத்மினியை அதில் போட்டுப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினாள். கடைசியில் ஒரு வரி: 'கொக்கி கிறீச்சிட்டால் தினம் காலையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடவும்.' அந்த வரிக்கு அடியில் கோடு வேறு போட்டாள். அவ்வளவு பெருமை.

நோட்டு போய் ஒன்பது நாள் ஆயிற்று. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து மூன்று மாதம். சந்தில் கட்டிய கடுதாசிக் கொடிகளை மழை கரைத்துவிட்டிருந்தது. அன்று காலை, அழுக்குச் சேலையை மாற்றத் தொட்டிலைப் பிடித்து லேசாக இழுத்தாள். டியூப் அறுந்து கையோடு வந்தது. விரலெல்லாம் கறுப்பாக ஒட்டியது. எண்ணெய் வழிந்த பக்கம் களியாக ஊறிக் கிடந்தது. வழியாத பக்கம் கெட்டியாகவே இருந்தது. பத்மினி அடுத்த வீட்டு ஜெயாவின் இடுப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொத்தானுக்கு இந்நேரம் பிள்ளை பிறந்திருக்கும். நோட்டும் போய்ச் சேர்ந்திருக்கும். பத்மினியைப் பார்த்துக்கொள்ளும்படி கோகிலா ஜெயாவிடம் மலாய் மொழியில் கெஞ்சினாள். பரம்பரையாக மலாய் பேசுகிற செட்டிக் கம்பத்துக்காரியான ஜெயாவுக்குத் தமிழ் வராது. ஆனால் முகத்தைப் பார்த்தே, "பெர்கி லா, பெர்கி" என்று விரட்டிவிட்டாள். போ என்று இரண்டு தரம் சொன்னது போதும். கோகிலா பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஜாசின் விலாசம் ஒரு சைக்கிள் கடை. சக்கரத்தைக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்தார். பெயர் பொன்னுதுரை. கோகிலா தன் புனைபெயரைச் சொன்னாள்.

"கம்பி நீங்களாம்மா? ஆம்பளைன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன். என்னா மூளை உங்களுக்கு! கடைக்கு வர்றவன் போறவன் எல்லாத்துக்கும் அந்தப் படத்தக் காட்டுனேன். அந்தத் தொட்டிலு இருக்கே..."

மனிதர் முகமெல்லாம் பல்லாக நின்றார். 'அது பிசகு' என்று சொல்ல வந்த கோகிலா நிறுத்திக்கொண்டாள். கல்யாணமாகாதவர் என்று நோட்டில் அவரே எத்தனையோ தரம் கேலியாக எழுதியிருக்கிறார். இவருக்கு எதற்குத் தொட்டில்? இவரிடம் சொல்லித் தலைகுனிவானேன்?

"அண்ணே, பொத்தானோட அட்ரஸ் மட்டும் குடுங்க. பஸ்ஸு போயிரும்."

"ஒரு கோப்பி குடிச்சிட்டு..."

"வேணாண்ணே."

அவர் கொடுத்த விலாசம், செலாண்டார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் செம்மண் சாலை. நடக்கிறோமா ஓடுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் கடைசி வீட்டு வாசலில், மடியில் பச்சைப் பிள்ளையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கொட்டாவி விட்டது. கோகிலா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் கம்பி. தொட்டில்... எண்ணெ..."

பொத்தானின் பெயர் மீனாச்சி. முதலில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு சிரித்தாள்.

"தொட்டில் உள்ள தொங்குது. எண்ணெ விடல. மரம் வெட்டுறவ ரப்பர் பக்கத்துல எண்ணெயக் கொண்டு போவாளாக்கா? கொக்கியில சவுக்காரத்தத் தேச்சேன், சத்தம் நின்னுபோச்சு. நோட்டுலயும் எழுதிட்டேன், அடுத்தவங்க ஏமாறக்கூடாதுன்னு."

கோகிலாவுக்கு வெட்கமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. இப்படி ஓடி வந்திருக்கவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள். மீனாச்சி நோட்டை எடுத்து வந்து, தான் பென்சிலில் எழுதியதைக் காட்டினாள். அதற்கு மேலே, பேனா மையில் வேறொரு கையெழுத்து.

'வந்த அன்றே செய்துவிட்டேன். பிரசவத்துக்கு வந்த தங்கச்சி இன்னும் இங்கேதான். லாரி டியூப் கிடைக்கவில்லை, சைக்கிள் டியூப் போட்டேன். சொன்னபடி தினம் எண்ணெய். மருமகன் ராஜா மாதிரித் தூங்குகிறான். — சுத்தியல்.'

"அவரு விலாசம் எனக்குத் தெரியாது. வர்ற வழியில சுத்தியல் அண்ணங்கிட்டச் சொல்லிட்டீங்கதானே?" என்றாள் மீனாச்சி.

கோகிலாவின் முகம் போன போக்கைப் பார்த்து மீனாச்சியே எழுந்தாள். மத்தியானப் பால் லாரி ஜாசினுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவரைக் கூவி நிறுத்தி, நோட்டைக் கோகிலாவின் கையில் திணித்து ஏற்றிவிட்டாள்.

ரப்பர் பால் நாற்றத்தில், ஆடுகிற டிரம்மைப் பிடித்துக்கொண்டு அவள் கணக்குப் போட்டாள். லாரி டியூப் தடிமன். சைக்கிள் டியூப் அதில் பாதி கூட வராது. எண்ணெய் ஏழு நாள். காலையில் தான் நின்ற இடத்துக்கும் அந்தத் தொட்டிலுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான் இருந்திருக்கும். ஒரு கோப்பி குடித்திருந்தால் போதும், கண்ணில் பட்டிருக்கும். தன் கௌரவத்தைத் தானே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

கடையில் பொன்னுதுரை இல்லை. கோகிலா கேட்காமல் கொள்ளாமல் பின்கட்டுக்குள் ஓடினாள். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. தரை சிமெண்டு. அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டு எழுந்தாள்.

"யாரு நீங்க? இப்பத்தான் தூங்குனான்."

கோகிலா தொட்டிலுக்கு அடியில் கையைக் கொடுத்துப் பிள்ளையை அணைத்துத் தூக்கி, தாயிடம் நீட்டினாள். பிறகு வெறுந்தொட்டிலைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். டியூப் அறுந்தது. கீழ்க்கொக்கி சிமெண்டில் விழுந்து தெறித்தது. பிள்ளை வீரிட்டு அழுதான்.

சத்தம் கேட்டுப் பொன்னுதுரை ஓடி வந்தார்.

"எண்ணெ விடச் சொன்னது தப்புண்ணே. அதான் ரப்பர ஊற வச்சிருச்சு. நான்தான் கம்பி, நான்தான் எழுதுனேன். இன்னிக்குக் காலையிலயே எனக்குத் தெரியும்."

பொன்னுதுரையின் தங்கைதான் கேட்டாள், கத்தாமல், பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே.

"காலையில கடைக்கு வந்தது நீங்கதானே? உங்க குரல் கேட்டுச்சே. அப்பவும் பிள்ள இதுலதான் கெடந்தான்."

கோகிலாவுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்; அழுகிற உரிமை அந்த வீட்டில் தனக்கில்லை என்று தோன்றியது. பொன்னுதுரையிடம் பேனா வாங்கி, தரையில் உட்கார்ந்து, கோடு போட்டிருந்த அந்த வரியை அடித்தாள். அடியில் எழுதினாள்: 'எண்ணெய் விடாதீர்கள், ரப்பர் அறும். தெரிந்த பிறகும் ஒரு வீட்டில் சொல்லாமல் போனேன்.' கம்பி என்று கையெழுத்துப் போட ஆரம்பித்த பேனா நின்றது. அதை அடித்துவிட்டு, கோகிலா, காஜா பெராங், மலாக்கா என்று எழுதினாள்.