வெங்காயத்தோல் நிறச் சேலை

கொழும்பில் ஐந்து வருஷம் குடித்தனம் செய்தேன். அந்த ஐந்து வருஷத்தில் நான் கடைத்தெருவுக்குப் போனதை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் வீட்டுக்காரர் நாலாம் குறுக்குத்தெருவில் ஒரு மிளகாய் வற்றல் மண்டியில் வேலை பார்த்தார். வேண்டியதை அவரே கொண்டுவந்து போட்டுவிடுவார், கூடவே வற்றல் நெடியையும். கொழும்பு கொழும்பு என்று ஊரில் வாயைப் பிளந்தார்கள். நான் பார்த்த கொழும்பு ஓர் அடுப்படியும் ஒரு ஜன்னலும்தான்.

இராமநாதபுரத்திலிருந்து என்னைப் பெற்ற அய்யா கடிதம் போட்டார். தங்கைக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது, இருவரும் வந்து சேரவும் என்று நாலே வரி. கடிதத்தின் மடிப்புக்குள் தங்கை தன் பங்குக்கு ஒரு துண்டுச் சீட்டும் ஒரு வெங்காயத் தோலும் வைத்திருந்தாள். கல்யாணத்தன்று சாயங்காலம் ஊர்வலத்துக்குக் கட்ட ஜப்பான் ஜார்ஜெட் சேலை வேண்டும், இந்த நிறத்தில் வேண்டும். அவ்வளவுதான் சேதி. அதோடு விட்டாலும் பரவாயில்லை. மூத்த மாப்பிள்ளை கொழும்பில் இருக்கிறார், பெண்ணுக்குச் சேலை அங்கிருந்து வருகிறது என்று அய்யா சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சேலை வராமல் போனால் அய்யா முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

எனக்கு உள்ளூர இன்னொரு பயமும் இருந்தது. எனக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்கி, இரண்டு தடவையும் இல்லாமல் போயிருந்தது. அதன் பிறகு ஊருக்கு நான் முதல் தடவையாகப் போகிறேன். வெறுங்கையோடு போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு சனிக்கிழமை அவர் மண்டியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னைக் கோட்டைப் பக்கம் கூட்டிப்போனார். அங்கே துரைமார் சாமான் வாங்குகிற பெரிய கடை ஒன்று இருந்தது. பித்தளைக் கைப்பிடி போட்ட கதவு, அதைத் திறந்துவிட ஓர் ஆள், மேலே போக லிஃப்ட். லிஃப்டில் நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஒரு வாரம் அதைச் சொல்லியே கேலி செய்தார். மாடியில் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் கவுன் போட்ட ஒரு பெண் நின்றாள். நான் வெங்காயத் தோலை அந்தக் கண்ணாடி மேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு நகத்தால் தள்ளிவிட்டாள். கவுன் துணி கெஜக் கணக்கில் இருக்கிறது, சேலை இல்லை என்றாள். அந்த நகத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அங்கிருந்து நடந்தே பெட்டா கடைத்தெருவுக்கு வந்தோம். அங்கே தெருவுக்கு ஒரு சரக்கு. ஒரு தெரு முழுக்கக் குடை, ஒரு தெரு முழுக்கப் பீங்கான், அடுத்ததில் காய்ந்த மாசிக் கருவாடு. கை வண்டிக்காரர்கள் சிங்களத்தில் ஒரு சத்தம், தமிழில் ஒரு சத்தம் போட்டுக்கொண்டு வருவார்கள், எதற்கு ஒதுங்குவது என்று யோசிப்பதற்குள் சக்கரம் காலில் ஏறிவிடும். மூன்று துணிக்கடை ஏறி இறங்கியபின் நான்காவதில் ஒரு சிந்திக் கிழவர் வெங்காயத் தோலைக் கையில் வாங்கினார். சிரிக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். உள்ளே வந்து பதினேழோ பதினெட்டோ சேலையைப் புரட்டி, அடியிலிருந்து ஒன்றை உருவினார். அதுதான். தோலின் உள்பக்கத்து நிறம், லேசான ரோஸ். பேரம் பேச வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. வெளியே வந்ததும் அதற்கும் என் வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கினேன்.

வாங்குவது பெரிதில்லை, கொண்டுபோவதுதான் பெரிது. தனுஷ்கோடியில் கப்பலைவிட்டு இறங்கினால் கஸ்டம்ஸ். உடுத்திய துணியை விட்டுவிடுவார்கள், புதுத்துணி வெளிநாட்டுச் சரக்கு, பிடுங்கி வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டில் சிவப்பு மையால் எழுதிவிடுவார்கள், அப்புறம் திரும்பி வருவதே சிக்கல் என்று மண்டியில் எல்லாரும் சொல்லி அனுப்பினார்கள். இவரால் திரும்ப முடியாவிட்டால் எங்கள் சோற்றுக்கு வழியில்லை. ஒரு தடவை தண்ணீரில் நனைத்துவிடு என்றார். மாட்டேன், பளபளப்பு போய்விடும் என்றேன். அப்படியானால் நீயே கட்டிக்கொண்டு இறங்கு என்றார். கல்யாணப் பெண்ணின் சேலையை நான் உடுத்துவதா, அதுவும் நான். மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வேறு வழி இல்லை.

தலைமன்னாரில் ரயிலைவிட்டு இறங்கியதும், பெண்கள் அறையில் போய்க் கட்டினேன். தங்க நிறக் காகித லேபிளை எச்சில் தொட்டு உரித்து எடுத்தேன். ஓரத்தில் அடித்திருந்த எழுத்தை உள்மடிப்பில் மறைத்தேன். கசக்கினேன், அதன் மேலேயே உட்கார்ந்து எழுந்தேன். அவ்வளவு கெட்டிக்காரத்தனத்துக்கும் நடுவில் ஒன்று செய்தேன். பெட்டியிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்து, நனைத்து உரசி, முந்தானை ஓரத்தில் ஒரு தீற்று தீற்றினேன். கோடிச் சேலையை மஞ்சள் வைக்காமல் நான் பிறந்ததிலிருந்து கட்டியதில்லை. கை தன்பாட்டுக்குச் செய்தது. தங்கைக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் இருந்திருக்கும்.

கப்பலில் இரண்டு மணி நேரமும் குடலைப் பிடுங்குகிற மாதிரி வாந்தி எடுத்தேன். சேலையில் படாமல் எடுத்ததுதான் சாமர்த்தியம்.

தனுஷ்கோடியில் பெட்டிகளை வரிசையாக வைத்துத் திறக்கச் சொன்னார்கள். ஆண்கள் ஒரு பக்கம். பெண்களைச் சோதிக்க ஒரு தடுப்புத் திரை, அதற்குப் பின்னால் ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும், நம் பக்கத்து ஆள்தான் என்று பேச்சிலேயே தெரிந்தது. எனக்கு முன்னால் போனவளின் இடுப்பிலிருந்து ஒரு நைலான் துணியை உருவி மேஜையில் போட்டிருந்தாள். என் தோளைத் தொட்டுத் திருப்பினாள். முந்தானையை எடுத்து விரித்தாள். விரல் மஞ்சளில் நின்றது.

“இது உடுத்துன சேலையா?”

ஆமாம் என்றேன்.

“மஞ்ச இன்னும் காயக்கூட இல்ல. எனக்கே காது குத்துறியா?”

சேலை யாருக்கு என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன். கப்பல் ஏறும்போது எவளாவது கோடிச் சேலை கட்டுவாளா, என்ன விசேஷம் என்று விடாமல் கேட்டாள். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்றாள். ஐந்து என்றேன். பிள்ளை என்றாள். நான் தலையைக் குனிந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர், என்னம்மா அங்கே இவ்வளவு நேரம் என்று அதட்டினார். அந்த அதட்டலில்தான் அது என் வாயிலிருந்து வந்தது.

“மாசமா இருக்கேன். அய்யா வீட்டுக்குப் போறேன். அதுக்குத்தான் புதுசு எடுத்துக் குடுத்தாக.”

அவள் கை சேலையை விட்டது. எத்தனை மாசம் என்று குரலை இறக்கிக் கேட்டாள். மூன்று என்றேன். கப்பலில் வாந்தி எடுத்தாயா என்றாள். எடுத்தேன் என்றேன். அங்கே நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான். என் கன்னத்தில் கை வைத்து, நிற்காதே, போய் உட்கார் என்றாள். பிறகு திரையை விலக்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“புள்ளத்தாச்சி சார். போகட்டும்.”

வெளியே அவர் திறந்த பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சேலை தப்பித்ததற்கு அப்படி ஒரு முகம் வராது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் கஸ்டம்ஸ்காரர் நின்றார். எப்படிச் சொல்வது?

ரயிலில் கூட்டம். இரண்டு பேரிடம் கெஞ்சி எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தார். உட்காரவைத்தபின் என் காதுக்கருகில் குனிந்து, ஏன் எங்கிட்டச் சொல்லல என்றார். இந்தத் தடவையும் போய்விடுமோ என்று பயந்து மறைத்தாயா என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். பாம்பனில் இறங்கி ஓடி எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது, குலுங்குதா, குலுங்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எதிரே இருந்த பெண்ணிடம் கூடையை நகர்த்தச் சொல்லி, என் காலை நீட்டவைத்தார். கல்யாணம் முடிந்ததும் நீ இங்கேயே இரு, நான் மட்டும் போகிறேன், கொழும்பு ஆஸ்பத்திரி நமக்கு ஆகாது என்றார். அவர் ஒவ்வொன்றாகப் பேசப் பேச எனக்குச் சொல்ல வேண்டியது கனத்துக்கொண்டே போனது. இறங்கினால் ஸ்டேஷனில் அய்யா நிற்பார். இவர் முதல் வார்த்தையாக அவரிடம் அதைத்தான் சொல்வார்.

உச்சிப்புளி தாண்டியது. இனித் தாமதிக்க முடியாது.

“அது பொய்ங்க. சேலைக்காகச் சொன்னேன்.”

அவர் கையில் பாதி உரித்த எலுமிச்சம்பழம் இருந்தது. அதை உரித்து முடித்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேறு பொய்யே உனக்குக் கிடைக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். அந்த நேரத்தில் வேறு எதுவும் வரவில்லை என்றேன். அது நிஜம். நாள்பூராவும் மனசில் இருப்பதுதானே வாயில் வரும். வண்டி இராமநாதபுரம் ஸ்டேஷனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. எழுந்து பெட்டியை எடுத்தவர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“நான் நம்பிட்டேன்டி.”